விற்றபின் முடிவதோ வாணிக அறம்?

கடைத்தெருவில் ஒருவர் உப்பு வாங்குகிறார். விலை சொல்லப்படுகிறது, பணம் கைமாறுகிறது, பொருள் பைக்குள் வருகிறது. நாளை அவர் வேறொரு கடைக்குச் சென்றாலும் முதற்கடைக்காரர்க்கு இழைத்த தீங்கு என்று ஒன்றுமில்லை. நிறையில் குறைவும் பொருளில் கலப்பும் சொல்லில் பொய்யும் இல்லையாயின் விற்றவரும் தம் கடமையை முடித்தவராகிறார். ஒரு நாளில் தொடங்கி அந்நாளிலேயே முடியும் வாணிகத்திற்கு இவ்வறம் போதும்.

எனினும் பணம் கைமாறிய பிறகே உண்மையில் தொடங்குகின்ற வாணிகமும் உண்டு. பத்து ஆண்டு, இருபது ஆண்டு ஒருவரையொருவர் விட்டு விலக இயலாதபடி கொள்வோனையும் கொடுப்போனையும் அது பிணைத்துவிடுகிறது. அவ்வாறு பிணைந்தவர்கள் ஒருவர்க்கொருவர் கடமைப்பட்டது என்ன? எழுதிய ஒப்பந்தத்தோடு அக்கடமை முடிகிறதா, அதற்கு அப்பாலும் செல்கிறதா? மலிவாகத் தருவேன் என்று புதியவர் ஒருவர் வந்தால் பழையவரை விட்டு நீங்குவது குற்றமா? வாணிகத்தையே வாழ்க்கைத் தொழிலாகக் கொண்ட இல்லறத்தார் பலர்க்கு இவ்வினாக்கள் நாள்தோறும் எதிர்ப்படுபவை. ஆதலின் இவற்றைச் சிறிது ஆழ்ந்து நோக்குவோம்.

பல் வெட்டும் எந்திரம்

எடுத்துக்காட்டாகப் பற்சக்கரம் செய்யும் தொழிற்கூடம் ஒன்றைக் கொள்வோம். உழவு டிராக்டர், அறுவடை எந்திரம், அரிசி ஆலை, நூற்பாலை ஆகிய எல்லாவற்றிலும் சுழற்சியை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்கு எடுத்துச் செல்வது பற்சக்கரமே. நம் மாநிலத்தில் இத்தொழில் வேரூன்றிய ஊர் கோயம்புத்தூர். 1926இல் அங்கே பி.எஸ்.ஜி. தொழிற்பயிற்சிக் கூடம் தோன்றியது. நூற்பாலைகளும் நீரேற்றும் மோட்டார்களும் பெருகின. அவற்றைத் தொடர்ந்து 1972இல் தொடங்கிய சாந்தி கியர்ஸ் போன்ற பற்சக்கர நிறுவனங்கள் எழுந்தன.

பற்சக்கரத்தின் பல் வெறும் வெட்டுத் துண்டன்று. கணித நெறிப்படி வளைந்த பக்கங்களை உடையது. அவ்வளைவு சரியாயிருந்தால் ஒரு பல் மற்றொரு பல்லின் மேல் உருண்டும் வழுக்கியும் ஒரே சீராகத் தள்ளும். அது பிழைத்தால் ஓசையும் அதிர்வும் தேய்மானமும் உண்டாகும். தொழிற்கூடத்தார் 'ஹாப்பிங் மெஷின்' என்று வழங்கும் எந்திரம் இப்பல்லை வெட்டுகிறது. செர்மனி நாட்டுக் கெம்னிட்சு நகரத்து எர்மன் பாட்டர் என்பார் 1897இல் உரிமம் பெற்ற அமைப்பின் வழிவந்தது இது. திருகு வடிவான வெட்டுளி ஒரு சுற்றுச் சுற்றும்போது வெட்டப்படும் வட்டு ஒரு பல் அளவே திரும்ப வேண்டும். நாற்பது பல் வேண்டுமாயின் வெட்டுளி நாற்பது முறை சுழல, வட்டு ஒரே முறை சுழல வேண்டும். பழைய எந்திரங்களில் இக்கணக்கைக் காத்து நின்றவை எந்திரத்தின் உள்ளே இருந்த பற்சக்கரங்களே; இன்று அப்பணியைப் பெரும்பாலும் கணினி செய்கிறது.

ஈண்டு நாம் கருதத்தக்கது ஒன்றுண்டு. எந்திரத்தில் உள்ள பிழை அது ஈனும் ஒவ்வொரு சக்கரத்திலும் படிகிறது. தொழிலாளி எத்துணைத் திறமுடையவனாயினும் எந்திரம் தரும் துல்லியத்திற்கு மேல் அவனால் செல்ல இயலாது. அத்துல்லியம் மைக்ரான் கணக்கில் அளக்கப்படுவது. ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான். வாங்கும் நாளில் பத்துச் சக்கரங்களை வெட்டிப் பார்த்து எந்திரம் நன்று என்று ஒப்பலாம். ஆனால் எந்திரத்தின் அடிமேடையாகிய வார்ப்பிரும்பு முறையாகப் பதப்படுத்தப்பட்டதா என்பது அன்று தெரியாது. வார்ப்பைச் சில மாதங்கள் வெயிலிலும் மழையிலும் கிடத்தி அதன் உள்ளிறுக்கத்தைத் தணிப்பது பழைய வழக்கம். உலையில் சூடேற்றி மெல்ல ஆறவைப்பது பின்வந்த முறை. அவசரத்தால் அதைச் சுருக்கிய எந்திரத்தின் மேடை இரண்டோர் ஆண்டுகளில் சில மைக்ரான் கோணும். விற்றவர் அறிவார், வாங்கியவர் அறியார்.

இவ்வளவோடும் முடிவதில்லை. எந்திரம் இருபது முப்பது ஆண்டுகள் உழைப்பது. தேய்ந்த தாங்கிகளை மாற்றவும், தளங்களை மீண்டும் சீராக்கவும், புது வகைச் சக்கரத்திற்கு ஏற்ப அமைப்பை மாற்றவும் செய்தவர் துணை வேண்டும். செய்தவர்க்கும் பயன்படுத்துபவர் துணை வேண்டும். தம் எந்திரம் எங்கே தளர்கிறது என்பதை ஆண்டுக்கணக்கில் அதனோடு பழகியவர் சொல்லியே அவர் அறிய முடியும். ஆகவே இருவரிடையே அறிவும் நம்பிக்கையும் ஓடத் தொடங்குகின்றன. இடையில் ஒருவர் அந்நம்பிக்கையைப் பிழைத்தால் அதன் பயன் கோவையோடு நிற்பதில்லை. தஞ்சைத் தரணியில் குறுவை அறுக்கும் எந்திரத்தின் பல் உடைந்து, முற்றிய கதிர் மழையில் சாய்ந்து முளைவிடும்போது, இருவரையும் அறியாத உழவர் அப்பிழையின் விலையைச் செலுத்துகிறார்.

களத்துமேட்டுக் கணக்கு

நெடுநாள் வாணிக உறவு என்பது ஆலை யுகம் கண்டறிந்த புதுமையன்று. காவிரிப் படுகையின் ஊர்களில் கொல்லரும் தச்சரும் உழவர்க்குக் கொழுவும் ஏரும் வண்டியும் செய்து தந்தனர். ஒவ்வொன்றுக்கும் அன்றன்றே விலை பேசுவது வழக்கமன்று. அறுவடைக் காலத்தில் களத்துமேட்டில் குவித்த நெல்லிலிருந்து அவரவர்க்கு உரிய பங்கு அளக்கப்பட்டது. மேரை என்றும் சுதந்திரம் என்றும் அப்பங்கு பெயர் பெற்றது. 'சுதந்திரம்' என்னும் சொல் விடுதலையைக் குறிக்கத் தொடங்குமுன் நெற்குவியலில் ஒருவர்க்குள்ள உரிமையைக் குறித்து நின்றது என்பதை இன்று பலர் அறியார்.

இவ்வமைப்பில் ஒரு நுண்ணறிவு இருந்தது. கொழு நன்றாயிருந்தால் உழவு ஆழும்; விளைச்சல் பெருகும்; கொல்லரின் பங்கும் பெருகும். கொழு பழுதானால் அவர் தம் உலைக்கும் தாமே ஊறு செய்தவராவார். கருவி கொடுப்பவரின் நன்மையைக் கருவியால் விளையும் நன்மையோடு முடிந்துவிட்டமையால், கண்காணிப்பின்றியே நேர்மைக்கு ஒரு காவல் அமைந்தது.

ஆயினும் இதை முற்றிலும் புகழ்ந்து அமைதல் பொருந்தாது. அக்கொல்லர் வேறு ஊர் சென்று வேறு தொழில் செய்ய விரும்பினால் முடிந்ததா? பிறப்பே அவர் தொழிலையும் பங்கையும் வரையறுத்தது. அதே களத்துமேட்டில் அவரினும் தாழ்ந்த நிலையில் பண்ணையாட்கள் நின்றனர். தந்தைக்குப்பின் மகன் என்று அவர்களும் ஒரே பண்ணையோடு தலைமுறை தலைமுறையாகப் பிணைந்திருந்தனர். காலத்தின் நீளத்தை மட்டும் நோக்கினால் அதைவிட நெடிய உறவு வேறில்லை. அவ்வுறவின் கொடுமையைத் தணிக்கவே 1952இல் சென்னை அரசு தஞ்சை மாவட்டத்திற்கென்றே குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டத்தை இயற்ற நேர்ந்தது.

இதனால் நாம் பெறும் தெளிவு: நெடுங்காலம் நீடித்தது என்பதனாலேயே ஓர் உறவு அறமாகிவிடாது. விட்டு நீங்கும் ஆற்றல் இருவர்க்கும் இருக்கவும், நீங்காமல் நிற்பதையே இருவரும் விரும்பித் தேர்ந்தால் அது கூட்டு. ஒருவர் மட்டும் நீங்க முடியாதவராயின் அது பிணிப்பு. வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்றாகவே காணப்படும்.

துவாக்குடி தரும் பாடம்

திருச்சியிலிருந்து தஞ்சைக்கு வரும் நெடுஞ்சாலையில் திருவெறும்பூரும் துவாக்குடியும் உள்ளன. செக்கோசுலோவாகியா நாட்டின் உதவியோடு 1960களில் திருவெறும்பூரில் உயரழுத்தக் கொதிகலன் ஆலை அமைந்தது. அதுவே இன்றைய பாரத மிகுமின் நிறுவனத்தின் திருச்சிப் பிரிவு. அதைச் சுற்றித் துவாக்குடி முதலிய இடங்களில் சிறு பொறியியற் கூடங்கள் பல தோன்றின. எஃகையும் வரைபடத்தையும் பெரிய ஆலை தர, வெட்டியும் வளைத்தும் பற்றவைத்தும் திருப்பித் தருவது அவற்றின் தொழில். கொதிகலனில் ஒரு பற்றவைப்புத் தவறினால் உயிரே போகும்; ஆதலின் கடுமையான தரக் கட்டுப்பாட்டை அச்சிறு கூடங்கள் கற்றன. படுகையின் ஊர்களிலிருந்து சென்ற இளைஞர் பலர் வெல்டர்களாகவும் பிட்டர்களாகவும் அங்கே வாழ்வு பெற்றனர். நல்ல உறவு தரும் நன்மைக்கு இது சான்று.

2010ஐ அடுத்த ஆண்டுகளில் அனல்மின் நிலையங்களுக்கான புதிய வேலைகள் நாடெங்கும் குறைந்தன. பெரிய ஆலைக்கு வேலை குறைந்தபோது ஒரே ஒருவரை நம்பி வாழ்ந்த சிறு கூடங்கள் பல தளர்ந்தன, சில மூடப்பட்டன, வங்கிக்கடன் பலர் தலைமேல் நின்றது. கொதிகலன் வேலைக்கென்றே வாங்கிய பெரும் பாரந்தூக்கிகளும் வளைப்பு எந்திரங்களும் வேறு தொழிலுக்கு எளிதில் உதவவில்லை.

பொருளியல் அறிஞர் ஆலிவர் வில்லியம்சன் இந்நிலையை ஆராய்ந்தவர். 2009இல் நோபல் பரிசு பெற்றவர். ஓர் உறவுக்கென்றே செய்யப்பட்ட முதலீடு அவ்வுறவுக்கு வெளியே மதிப்பிழக்கும். ஆதலின் முதலீடு செய்தவர் மற்றவர் கைக்குள் அகப்பட்டவராகிறார் என்பது அவர் ஆய்வின் சாரம். அறநூல் நோக்கில் சொன்னால், நம்பி முதலிட்டவர் தம் கையை வெட்டிக்கொள்ளவில்லை. ஆனால் அதை மற்றவர் கையில் கொடுத்துவிட்டார். அக்கையை இறுகப் பற்றுவதும் முறுக்குவதும் இப்போது மற்றவரின் அறத்தைப் பொறுத்தது.

இரு மேனாட்டு நிகழ்ச்சிகள்

முறுக்கியதற்கு ஓர் எடுத்துக்காட்டு அமெரிக்காவில் உண்டு. 1992இல் செனரல் மோட்டார்சு நிறுவனத்தின் கொள்முதல் தலைவராக இக்னாசியோ லோபஸ் பொறுப்பேற்றார். நிறுவனம் அப்போது பெரு நட்டத்தில் இருந்தது. நடப்பில் இருந்த ஒப்பந்தங்களையே மீண்டும் திறந்து, பெரும் விலைக்குறைப்பை வழங்குநர்களிடம் அவர் கேட்டார். உடனடியாகப் பணம் மிச்சமானது. 1993இல் அவர் வேறு நிறுவனத்திற்குச் சென்றுவிட்டார். ஆனால் வழங்குநர்களின் மனத்தில் விழுந்த ஐயம் நெடுங்காலம் நின்றது. தம் புதிய கண்டுபிடிப்புகளை முதலில் அந்நிறுவனத்திடம் கொண்டுசெல்ல அவர்கள் தயங்கினர்.

மற்றொன்று சப்பானில் நிகழ்ந்தது. 1997 பிப்ரவரி 1 அன்று கரியா நகரத்து ஐசின் ஆலை தீப்பற்றியது. டொயோட்டா கார்களின் பிரேக்கில் பொருத்தும் சிறு வால்வு ஏறக்குறைய முழுவதும் அவ்வோர் ஆலையில்தான் செய்யப்பட்டது. தனிப்பட அமைத்த எந்திரங்கள் எரிந்து போயின. டொயோட்டாவின் தொழிற்சாலைகள் நின்றன. அப்போது வழங்குநர்களும் எந்திரம் செய்வோரும் தையல் எந்திரம் செய்யும் பிரதர் நிறுவனமும் உட்பட ஏறத்தாழ இருநூறு கூடங்கள் முன்வந்தன. ஐசின் தன் வரைபடங்களை எல்லார்க்கும் கொடுத்தது. விலை பேசுமுன்னரே வேலை தொடங்கியது. சில நாட்களில் வால்வுகள் வந்தன. ஒரு வாரத்திற்குள் கார் உற்பத்தி பெரும்பாலும் சீரானது. எந்த ஒப்பந்தத்தாளும் இதைக் கட்டளையிட்டிருக்க முடியாது.

ஆயினும் இந்நிகழ்ச்சிக்கு மறுபக்கமும் உண்டு. ஒரே இடத்தை நம்பியிருந்தமையால்தான் ஒரு தீ அத்தனை ஆலைகளை நிறுத்தியது. ஒருவரையே நம்புவதன் ஆற்றலும் ஆபத்தும் ஒரே நிகழ்ச்சியில் வெளிப்பட்டன. ஒரு பொருளைப் பல நயங்களால் நோக்கவேண்டும் என்று பயின்ற நாம் ஒரு பக்கத்தை மட்டும் கண்டு முடிவு செய்தல் ஆகாது.

கள்ளாமையின் எல்லை

இனி அறக்கேள்விக்கு வருவோம். இல்லறத்தார்க்குரிய ஐந்து அணுவிரதங்களுள் கள்ளாமையும் ஒன்று. கொடுக்கப்படாத ஒன்றைக் கொள்ளுதலே களவு என்று உமாசுவாமி அருளிய தத்துவார்த்த சூத்திரம் வரையறுக்கிறது. அவ்விரதத்திற்கு வரும் குற்றங்களுள் அளவில் பொய்த்தலும், போலிப்பொருளை மெய்ப்பொருளாகத் தருதலும் எண்ணப்படுகின்றன. சொன்ன தாங்கியை விடுத்துத் தரங்குறைந்ததைப் பொருத்துதலும், பதப்படுத்தாத வார்ப்பைப் பதப்படுத்தியதாகக் காட்டுதலும் இவ்விரண்டில் அடங்கும் என்பதில் ஐயமில்லை.

கடினமான வினா இதற்கு அடுத்தது. எந்திரம் விற்றவர் ஐந்தாண்டு கழித்து அதன் உதிரிப்பாகத்தின் விலையைப் பன்மடங்கு உயர்த்துகிறார். அப்பாகம் வேறெங்கும் கிடைப்பதில்லை. வாங்குபவர் முனகிக்கொண்டே பணத்தை எண்ணித் தருகிறார். இங்கே பொய்யில்லை, அளவுக் குறையில்லை, வாங்குபவர் தம் கையாலேயே கொடுக்கிறார். இது கொடுக்கப்பட்டதா, கொடுக்கப்படாததா?

'அவர் ஒப்பினார், ஆகவே கொடுத்தார்' என்பார் சிலர். 'வேறுவழியின்றி ஒப்பினார், ஆகவே கொடுக்கவில்லை' என்பார் வேறு சிலர். பின்னவர் கூற்றை அப்படியே ஏற்பதிலும் இடர் உண்டு. பசித்தவன் அரிசி வாங்குவதும் வேறுவழியின்றித்தான். நோயாளி மருந்து வாங்குவதும் அவ்வாறே. தேவையால் நேரும் எல்லாக் கொள்வினையையும் களவு என்றால் உலகில் வாணிகமே நடவாது.

வேறுபாடு எங்கே உள்ளது? அந்த வேறுவழியின்மை எதனால் உண்டாயிற்று என்பதில் உள்ளது. பசி இயற்கையால் வந்தது. அரிசிக்கடைக்காரர் அதை உண்டாக்கவில்லை. எந்திரம் வாங்கியவரோ ஐந்தாண்டுக்கு முன் பலரிடம் வாங்கும் உரிமை உடையவராக இருந்தார். 'எம்மை நம்புங்கள், பின்னும் உடன் நிற்போம்' என்ற சொல்லை நம்பியே ஒருவரிடம் தம்மைக் கட்டிக்கொண்டார். அவர் இன்று நீங்க முடியாமல் நிற்பது அச்சொல்லின் விளைவு. தன் வாக்கை நம்பியதனால் ஒருவர்க்கு நேர்ந்த கையறுநிலையைத் தன் வருவாயாக்கிக் கொள்பவன், அவர் அன்று கொடுத்த நம்பிக்கையை இன்று பணமாக மாற்றுகிறான். நம்பிக்கை காவலுக்குக் கொடுக்கப்பட்டது, செலவுக்குக் கொடுக்கப்படவில்லை. அடைக்கலமாக வைத்த பொருளை எடுத்தாளுதல் களவாயின் இதுவும் களவின் பாற்பட்டதே என்பது எம் துணிபு.

இவ்வளவுகோல் வாங்குபவர்க்கும் பொருந்தும். 'உங்கள் எந்திரத்தையே என்றும் வாங்குவோம். எமக்கென்று தனிக்கூடம் அமையுங்கள்' என்று சொல்லி, அவர் கடன்பட்டு அமைத்தபின் விலையைப் பாதியாக்கு என்பதும் அதே குற்றம். ஆனால் காலமாறுதலால் தமக்கே வேலை குறைந்து, அதனால் வழங்குநர்க்கும் வேலை தர இயலாமற்போவது களவன்று. அங்கே நெஞ்சில் வஞ்சமில்லை. அந்நிலையில் வேறொரு கடமை எழுகிறது. முன்கூட்டி அறிந்ததை முன்கூட்டிச் சொல்லுதல் அது. ஆறு மாதம் முன்னே அறிந்தால் சிறியவர் வேறு வேலை தேடலாம். புதுக்கடன் வாங்காமல் நிற்கலாம். அறிந்தும் சொல்லாமை சிறியவரின் காலத்தைக் கவர்வதாகும்.

எதிர்வாதம் ஒன்று

'பழையவரையே பற்றி நிற்பது புதியவர்க்கு இழைக்கும் அநீதி அன்றோ?' என்று கேட்கலாம். இது புறக்கணிக்கத்தக்க வாதமன்று. திறமையும் நேர்மையும் உடைய இளைஞர் ஒருவர் புதுக்கூடம் தொடங்கி வாயிலில் நிற்க, 'முப்பதாண்டுப் பழக்கம்' என்ற ஒரு சொல் அவர்க்குக் கதவடைக்கலாம். பழக்கம் என்ற போர்வைக்குள் சோம்பலும் கையூட்டும் உறவினர் சலுகையும் ஒளிந்திருப்பதும் உண்டு.

இதற்கு ஓர் எளிய சோதனை உளது. இவரிடமே ஏன் வாங்குகிறோம் என்பதைத் தம் பங்காளியிடமும் தொழிலாளரிடமும் வாயிலில் நிற்கும் அப்புதியவரிடமும் வெளிப்படையாகச் சொல்ல முடியுமா? 'இவர் எந்திரத்தின் பிழையை இவரே முன்வந்து சொன்னார். நள்ளிரவில் அழைத்தபோதும் ஆள் அனுப்பினார்' என்று சொல்ல முடியுமாயின் அது தகுதி நோக்கிய நட்பு. சொல்ல நாணுவோமாயின் அது சார்பு. தர மேலாண்மை அறிஞர் எட்வர்டு டெமிங் விலையொன்றையே நோக்கிக் கொள்முதல் செய்யாமல், ஒரு பொருளுக்கு ஒரு வழங்குநரோடு நம்பிக்கையும் பற்றும் உடைய நெடுநாள் உறவை வளர்க்குமாறு 1986இல் வெளிவந்த தம் நூலில் வற்புறுத்தினார். அவர் கூறியதும் கண்மூடிய பற்றை அன்று. அளந்து பார்த்து இருவரும் சேர்ந்து குறைகளைக் களையும் உறவையே.

செய்யத்தக்கன

கொடுப்போர் தம் பொருளில் தாம் அறிந்த குறையை வாங்குபவர் கண்டுபிடிக்குமுன் தாமே சொல்லுதல் வேண்டும். உதிரிப்பாகமும் பணியும் எத்தனை ஆண்டு, எவ்விலையில் தருவோம் என்பதை விற்கும் நாளிலேயே எழுதித் தருதல் வேண்டும். கொள்வோர் ஒப்பிய நாளில் பணம் தருதல் வேண்டும். சிறு கூடத்தாரின் நிலுவையை மாதக்கணக்கில் நிறுத்தி அதைத் தம் முதலாகச் சுழற்றுவது நல்ல கணக்கன்று. இருவரும் ஆதாயம் வந்தபோது பங்கிடவும், பிரிவு வந்தபோது போதிய காலம் கொடுத்துப் பிரியவும் மனங்கொள்ள வேண்டும். எல்லாவற்றிற்கும் மேலாக, மற்றவர் நம்மையன்றி வேறு வழியும் உடையவராக இருப்பதை அஞ்சாமல் விரும்புதல் வேண்டும். போகக்கூடியவர் போகாமல் நிற்பதே நம் நேர்மைக்குக் கிடைக்கும் நற்சான்று.

உயிர்கள் ஒன்றுக்கொன்று உதவியாய் அமைதலே அவற்றின் இயல்பு என்பது நம் தத்துவத்தின் அடிப்படைக் கருத்து. இரண்டு பற்சக்கரங்கள் கோத்துச் சுழலும்போது பற்களுக்கிடையே சிறிது இடைவெளி விட்டே பொறியாளர் அமைக்கின்றனர். இடைவெளி அறவே இல்லையாயின் வெப்பத்தால் விரிந்து இறுகிப் பற்கள் உடையும். மிகுதியாயின் ஒன்றோடொன்று மோதித் தேயும். நெடுநாள் வாணிக உறவுக்கும் அத்தகைய அளவான இடைவெளி வேண்டும். அதைக் காத்து நிற்பது சட்டத்தால் மட்டும் ஆவதன்று. ஒவ்வொரு நாளும் கணக்கேட்டைத் திறக்கும்போது, 'இவ்வரவு எனக்குக் கொடுக்கப்பட்டதா, நானாக எடுத்துக்கொண்டதா?' என்று வினவும் நெஞ்சத்தால் ஆவது. அவ்வினாவை நம் இல்லறத்தார் நாள்தோறும் எழுப்புவாராக.